பிள்ளைகளிடம் சூழல் காக்கும் பழக்கங்களை வீட்டிலேயே வளர்ப்பது எப்படி? – முழுமையான வழிகாட்டி

சுற்றுச்சூழல் நாளன்று பள்ளியில் உறுதிமொழி எடுத்துவிட்டு வரும் பிள்ளை, அன்று இரவே குழாயைத் திறந்துவிட்டபடி பல் துலக்குகிறது. இதில் பிள்ளையின் தவறு ஒன்றுமில்லை. குழாயில் வரும் தண்ணீர் எங்கிருந்து வந்தது, சாக்கடைக்குப் போன பின் என்ன ஆகிறது என்பதை யாரும் அதன் கண்ணில் காட்டவில்லை; அந்தத் தண்ணீரைப் பொறுத்தவரை அதற்கென்று ஒரு வேலையையும் யாரும் கொடுக்கவில்லை. சென்னைப் புறநகரில் ஓர் அடுக்ககத்தில் இரண்டு பிள்ளைகளை வளர்த்துவரும் அனுபவத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: பிள்ளையின் கையில் உண்மையான ஒரு வேலையை ஒப்படைத்து, அந்த வேலையின் பலன் அதன் கண்ணுக்குத் தெரியும்படி செய்தால் பழக்கம் தானாக ஊன்றிக்கொள்கிறது. அறிவுரையால் அது ஊன்றியதை நான் பார்த்ததில்லை. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒரு கருத்தை வைத்தே அமைந்தவை.

முதல் படி: பெரியவர்கள் வீட்டை ஆயத்தப்படுத்துவது

பிள்ளைகளிடம் எதையும் சொல்வதற்கு முன், ஒரு வாரம் பெரியவர்கள் மட்டும் வீட்டைக் கவனியுங்கள். நாள்தோறும் எவ்வளவு குப்பை சேர்கிறது என்பதைச் சமையலறைத் தராசிலோ, காய்கறிக்காரர் வைத்திருப்பது போன்ற தொங்கு தராசிலோ நிறுத்து ஒரு தாளில் எழுதுங்கள். நம் வீடுகளில் எடைக்கணக்கில் பாதிக்கு மேற்பட்ட குப்பை காய்கறித் தோலும் மிஞ்சிய சோறுமாகவே இருப்பதைக் காண்பீர்கள். எந்தக் குழாய் ஒழுகுகிறது, எந்த அறையில் ஆளில்லாமல் மின்விசிறி ஓடுகிறது, வாரத்திற்கு எத்தனை பால் பாக்கெட்டுகளும் பிஸ்கட் உறைகளும் சேர்கின்றன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு, பிள்ளையின் உயரத்திற்கு ஏற்றபடி பொருள்களை இடம் மாற்றுங்கள். குப்பைக் கூடைகள் சமையல் மேடைக்கு அடியில் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் ஐந்து வயதுப் பிள்ளை அதைத் தேடிப்போகாது. மின்விசிறியின் சுவிட்ச் எட்டாத உயரத்தில் இருந்தால் பக்கத்தில் ஒரு முக்காலி இருக்க வேண்டும். பல் துலக்கும் இடத்தில் பிள்ளையின் பெயர் எழுதிய எவர்சில்வர் டம்ளர் ஒன்று நிரந்தரமாக நிற்க வேண்டும். இவ்வளவு சிறிய ஏற்பாடுகள்தான் பிற்பாடு நூறு முறை சொல்ல வேண்டிய தேவையைக் குறைக்கின்றன.

இரண்டாம் படி: ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை

ஆர்வத்தில் தண்ணீர், மின்சாரம், குப்பை, பிளாஸ்டிக் என எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமை தொடங்கும் வீடுகளில் இரண்டாம் வாரமே எல்லாம் நின்றுவிடும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரிடம் நடத்திய ஆய்வில், ஒரு புதிய செயல் யோசிக்காமலே செய்யும் பழக்கமாக மாற சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளே போதுமானதாக இருந்தது, சிலருக்கு 254 நாள் தேவைப்படும் என்று கணிக்கப்பட்டது. அது பெரியவர்களை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வுதான் என்றாலும், ஒரு பழக்கத்துக்கு இரண்டு மாதமாவது ஒதுக்க வேண்டும் என்பதற்கு நல்ல அளவுகோல்.

மூன்று முதல் ஐந்து வயது வரை உள்ள பிள்ளைகளுக்குப் போலச்செய்தலே படிப்பு. செடிக்கு ஒரு மக் தண்ணீர் ஊற்றுவது, அறையை விட்டு வெளியே வரும்போது விளக்கை அணைப்பது, வாழைப்பழத் தோலை உரிய கூடையில் போடுவது ஆகியவை போதும். ஆறு முதல் ஒன்பது வயதில் எண்ணவும் அளக்கவும் பிடிக்கும். அந்த வயதில் நிறுப்பது, அளப்பது, நாட்காட்டியில் குறிப்பது எல்லாம் அவர்கள் வேலை. பத்து வயதைக் கடந்தவர்களிடம் ஒரு முழுப் பொறுப்பையே, உதாரணத்திற்கு வீட்டின் எருத் தொட்டியையோ மின் மீட்டரையோ, ஒப்படைக்கலாம்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். குப்பை பிரிப்பதையும் தொட்டி கிளறுவதையும் பெண் பிள்ளைக்கும், மீட்டர் பார்ப்பதையும் கணக்கெழுதுவதையும் ஆண் பிள்ளைக்கும் பிரித்துக் கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் அறியாமலே நடக்கிறது. வேலைகளை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிக் கொடுங்கள்.

மூன்றாம் படி: குப்பையைப் பிரிப்பது

தொடங்குவதற்கு ஏற்ற வேலை இதுவே, ஏனென்றால் ஒரு நாளில் பல முறை செய்ய நேர்கிறது, செய்தது உடனே கண்ணுக்கும் தெரிகிறது. திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016-ஆம் ஆண்டிலேயே ஒவ்வொரு வீடும் மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டில் உண்டாகும் அபாயகரமான குப்பை என மூன்றாகப் பிரித்துத் தர வேண்டும் என்று வகுத்துவிட்டன. பச்சைக் கூடை மக்குவதற்கு, நீலக் கூடை மக்காததற்கு என்று வைத்துக்கொண்டு, பழைய பாட்டரி, டியூப்லைட், காலாவதியான மருந்து, உடைந்த தெர்மாமீட்டர் போன்றவற்றைப் பிள்ளையின் கைக்கு எட்டாத தனிப் பெட்டியில் பெரியவர்கள் மட்டும் போட வேண்டும்.

முதல் வாரம் விதியைச் சொல்லாதீர்கள், தரையில் செய்தித்தாளை விரித்து, அன்றைய கழுவிய குப்பையில் பத்துப் பொருள்களைப் பரப்பி, "மண்ணில் புதைத்தால் எது காணாமல் போகும்?" என்று மட்டும் கேளுங்கள். வெங்காயத் தோல் எளிது. தேநீர் வடிகட்டிய தூள் எளிது. சிப்ஸ் உறையில்தான் பிள்ளை தயங்கும், ஏனென்றால் உட்புறம் வெள்ளியாக மின்னுகிறது, வெளிப்புறம் காகிதம் போல் இருக்கிறது. பல அடுக்குப் பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் ஒட்டிச் செய்த அந்த உறைகளைப் பழைய பேப்பர் கடைக்காரர் வாங்கமாட்டார் என்பதைக் கடைக்கு அழைத்துப்போய் அவர் வாயாலேயே கேட்கவையுங்கள். எதற்குக் கிலோவுக்கு விலை உண்டு, எதற்கு இல்லை என்று அந்தத் தராசுக்கு முன்னால் நின்று கற்பது பிள்ளைக்கு வேறெங்கும் கிடைக்காது.

பால் பாக்கெட்டை வெட்டுவதிலும் ஒரு முறை உண்டு. மூலையை முழுதாக வெட்டி எறியாமல், வெட்டிய துண்டு பாக்கெட்டோடு ஒட்டியிருக்கும்படி விட வேண்டும். அந்தச் சிறு முக்கோணத் துண்டு யார் கையிலும் அகப்படாமல் கால்வாய்க்கும் மண்ணுக்கும் போய்விடும். வெட்டிய பாக்கெட்டை ஒரு கை தண்ணீரில் அலசிக் கொடியில் காயப்போடுவதை ஏழு வயதுப் பிள்ளை நன்றாகவே செய்யும். அலசிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடலாம்.

குப்பை வீட்டு வாசலைத் தாண்டினால் என்ன ஆகிறது என்பதைக் காட்டுவது இந்தப் படியின் உயிர். காலையில் பேட்டரி வண்டியில் வரும் தூய்மைப் பணியாளரிடம் கூடையை நேரில் கொடுக்கும் பொறுப்பைப் பிள்ளைக்குக் கொடுங்கள். அவரை அக்கா என்றோ அண்ணா என்றோ அழைத்து வணக்கம் சொல்லப் பழக்குங்கள். கலந்து வரும் குப்பையைக் கையால்தான் பிரிக்கிறார்கள் என்பதையும், உடைந்த கண்ணாடியை வெறுமனே போட்டால் அந்தக் கையைக் கிழிக்கும் என்பதையும் பிள்ளை தன் கண்ணால் காணும்போது வேறு விளக்கம் தேவைப்படாது. கண்ணாடித் துண்டுகளைக் கெட்டியான அட்டையில் சுற்றி, மேலே "கண்ணாடி" என்று பெரிய எழுத்தில் எழுதுவதைப் பிள்ளையிடம் கொடுக்கலாம். துண்டுகளை எடுப்பது மட்டும் பெரியவர் வேலை. டயப்பரையும் சானிட்டரி நாப்கினையும் காகிதத்தில் சுற்றித் தனியே தர வேண்டும் என்பதை வளர்ந்த பிள்ளைகளிடம் கூச்சமில்லாமல் சொல்லுங்கள்.

சென்னையில் இருப்பவர்கள் கொடுங்கையூர், பெருங்குடி ஆகிய குப்பைக் கிடங்குகளின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கலாம். பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேலேயே வளர்ந்தது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த அதே சதுப்பு நிலத்துக்குத்தான் பனிக்காலத்தில் பூநாரைகள் வருகின்றன. ஒரு காலைப் பொழுதில் பறவைகளைப் பார்க்க அழைத்துப்போனால், பச்சைக் கூடை எதற்கு என்ற கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும்.

நான்காம் படி: எருத் தொட்டி

பிரித்த மக்கும் குப்பையை வீட்டிலேயே எருவாக்கினால்தான் பிள்ளைக்கு வட்டம் முழுமையாகத் தெரியும். இருபது லிட்டர் பெயின்ட் வாளி ஒன்றை நன்றாகக் கழுவி, பக்கவாட்டிலும் அடியிலும் பெரியவர் ஒருவர் சூடான கம்பியால் துளைகள் இடட்டும். மண்பானை கிடைத்தால் இன்னும் நல்லது, ஈரத்தை அது தானே வெளியேற்றும். வாளியைச் செங்கல் இரண்டின் மேல் வைத்து, அடியில் ஒரு தட்டு வையுங்கள்.

அடியில் நான்கு விரற்கடை உயரத்துக்குக் காய்ந்த இலையோ தென்னை நார்க்கழிவோ போட வேண்டும். அதன்மேல் ஒரு கைப்பிடி தோட்ட மண்ணும், ஒரு டம்ளர் புளித்த மோரும் தெளித்தால் நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கும். பிறகு நாள்தோறும் சிறிதாக நறுக்கிய காய்கறித் தோலைப் போட்டு, அது கண்ணுக்குத் தெரியாதபடி அதே அளவோ இரண்டு மடங்கோ காய்ந்த இலையால் மூட வேண்டும். "ஒரு பச்சை, இரண்டு காய்ச்சல்" என்று எங்கள் வீட்டில் பிள்ளைகளே இதற்கு ஒரு சொல் வைத்துக்கொண்டார்கள். தொடக்கத்தில் எண்ணெயில் வதக்கியது, மீன் கழிவு, எலும்பு, தயிர்ச் சோறு எதையும் போடாதீர்கள். முட்டை ஓட்டைப் பொடித்துப் போடலாம். தேங்காய் ஓடு எத்தனை மாதமானாலும் அப்படியே கிடக்கும்.

எங்கள் முதல் தொட்டி நாறிப்போனது. காய்ந்த இலை தீர்ந்துவிட்டது என்று ஒரு வாரம் தோலை மட்டும் போட்டோம்; எட்டாம் நாள் மாடியே மணத்தது, கீழ்வீட்டார் வந்து கேட்டார்கள். பிள்ளைகள் துவண்டுவிட்டார்கள். ஆனால் அந்தத் தவறில்தான் அவர்கள் அதிகம் கற்றார்கள். நாற்றம் வந்தால் ஈரம் கூடி உள்ளே காற்றில்லை என்று பொருள்; காய்ந்த இலையைச் சேர்த்துக் கிளறினால் இரண்டு மூன்று நாளில் அடங்கும். எறும்பு மொய்த்தால் தொட்டி வறண்டுவிட்டது என்று பொருள். தண்ணீர் தெளிக்க வேண்டும். வெண்மையான பூஞ்சை படர்வது நல்ல அறிகுறி. பழுப்பு நிறப் புழுக்களைக் கண்டால் அஞ்ச வேண்டாம், அவை கழிவைத் தின்று விரைவுபடுத்துகின்றன. மேலே இலையைக் கூடுதலாகப் போட்டு மூடினால் போதும்.

வாரம் இருமுறை கிளறும்போது பிள்ளையின் உள்ளங்கையை வாளியின் வெளிப்பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். நன்றாக நிறைந்த தொட்டியில் நடுப்பகுதி வெதுவெதுப்பாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் உள்ளே உழைக்கின்றன என்பதற்கு அந்தச் சூட்டைவிட நல்ல சான்று இல்லை. இரண்டு முதல் மூன்று மாதத்தில் மழை பெய்த மண் போல மணக்கும் கரிய எரு கிடைக்கும். தட்டில் வடியும் பழுப்பு நீரைப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து செடிக்கு ஊற்றலாம். தொட்டியைத் தொட்ட பின் சோப்பு போட்டுக் கை கழுவுவது தவறக்கூடாது.

முதல் எருவில் விதைப்பதற்கு வெந்தயத்தையே தேர்ந்தெடுங்கள். சமையலறை டப்பாவில் இருக்கும் வெந்தயமே போதும். சில நாளில் முளைத்து, மூன்று நான்கு வாரத்தில் கீரையாகிவிடும். தான் போட்ட தோல் எருவாகி, எரு கீரையாகி, கீரை தட்டுக்கு வந்ததைக் கண்ட பிள்ளை தட்டில் சோற்றை மிச்சம் வைக்க யோசிக்கும்.

ஐந்தாம் படி: தண்ணீரை அளக்கக் கற்பது

2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, ஜூலை 12-ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் சென்னைக்கு வந்தது. குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தவர்களுக்கு அது மறக்காது. அப்போது பிறந்திராத பிள்ளைகளுக்கு அதைக் கதையாகச் சொல்லலாம், ஆனால் அதைச் சொல்லி அச்சுறுத்துவது கூடாது. அச்சத்தைவிட அளவு நன்றாக வேலை செய்கிறது.

ஒழுகும் குழாய்க்கு அடியில் இருநூறு மில்லி டம்ளரை வைத்து, நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். பதினைந்து நிமிடம் ஆனால் மணிக்கு எண்ணூறு மில்லி, நாளுக்கு 19 லிட்டருக்கு மேல், அதாவது கிட்டத்தட்ட ஒரு குளியல் வாளி. கணக்கைப் பிள்ளையே போட்டபின் பிளம்பரை அழைக்கும்படி உங்களை நச்சரிக்கும். அந்த நச்சரிப்பை மதித்து அன்றே அழைத்துவிடுங்கள், இல்லையென்றால் கணக்குக்கு மதிப்பில்லாமல் போகும். இதே போல் ஷவரை ஒரு நிமிடம் வாளிக்குள் திறந்துவிட்டு எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று பார்த்தால், வாளியில் குளிப்பது ஏன் நல்லது என்பதை அவர்களே சொல்வார்கள். நகர்ப்புறங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பதே அரசின் குடிநீர்த் திட்டங்கள் கொள்ளும் அளவு. வீட்டில் அதைவிடக் குறைகிறதா, கூடுகிறதா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் எழுதிப் பார்ப்பது நல்ல விளையாட்டு.

அரிசி களைந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவதும், ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரை வாளியில் பிடித்துத் தரை துடைக்கப் பயன்படுத்துவதும் அன்றாட வேலைகளாகட்டும். ஆர்.ஓ. கழிவுநீரில் உப்பு கூடுதலாக இருப்பதால் தொட்டிச் செடிகளுக்குத் தொடர்ந்து ஊற்ற வேண்டாம்.

மழைக்கு இந்தப் படியில் தனி இடம் உண்டு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடி ஏறத்தாழ 93 சதுர மீட்டர். சென்னையில் ஆண்டுக்குப் பெய்யும் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழையைக் கணக்கிட்டால் அந்த மாடியில் மட்டும் 1,30,000 லிட்டர் விழுகிறது. ஆவியாவதும் வழிவதும் போகக் கணிசமான பங்கை நிலத்துக்குள் அனுப்ப முடியும். தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது; ஆனால் பல வீடுகளில் அந்தக் குழி மண்ணடைத்துக் கிடக்கிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, செப்டம்பர் மாத ஞாயிறு ஒன்றில் பிள்ளைகளோடு மாடியைப் பெருக்கி, வடிகுழாய் வாயின் வலையைக் கழுவி, குழியில் உள்ள கூழாங்கற்களை அலசிப் போடுங்கள். முதல் மழையன்று குழாயில் தண்ணீர் இறங்கும் ஓசையைக் கேட்கப் பிள்ளைகள் ஓடுவார்கள்.

ஆறாம் படி: மின்சாரம்

இதற்கு மீட்டர் ஒன்றே ஆசிரியர். ஞாயிறுதோறும் ஒரே நேரத்தில் மீட்டரின் எண்ணைப் பிள்ளை குறித்துவைக்கட்டும். எழுபத்தைந்து வாட் மின்விசிறி வெற்று அறையில் நாளுக்கு ஐந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் இருபத்திரண்டு யூனிட்டுக்கு மேல் வீணாகிறது. வீடுகளுக்கு இரு மாதத்துக்கு முதல் நூறு யூனிட் இலவசம் என்பதையும், ஐந்நூறைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறுகிறது என்பதையும் விளக்கி, சென்ற பில்லோடு இந்த பில்லை ஒப்பிட்டுக் காட்டுங்கள். ஏசி இருந்தால் 24 டிகிரிக்குக் கீழே போகாமல் மின்விசிறியையும் சேர்த்துப் போடுவது என்ற விதியைப் பெரியவர்கள் முதலில் கடைப்பிடிக்க வேண்டும்.

ஏழாம் படி: கடைக்குப் போகும் வழி

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கியது. ஆனாலும் பையை மறந்து போய் நிற்பது நம் எல்லோருக்கும் நடக்கிறது. ஆகவே பையை நினைவில் வைக்கும் பொறுப்பு பிள்ளையுடையது ஆகட்டும். வாசல் ஆணியில் இரண்டு மஞ்சப்பை, இறைச்சிக் கடைக்கு மூடியுள்ள எவர்சில்வர் டப்பா, இட்லி மாவுக்குத் தூக்குச்சட்டி என்று இடம் குறித்துவிட்டால், "அப்பா, பை!" என்ற குரல் படியிறங்கும் முன்பே கேட்கும்.

பழைய நோட்டுகளில் மிஞ்சிய வெற்றுத் தாள்களைக் கோடை விடுமுறையில் பிரித்தெடுத்துத் தைத்தால் ஓர் ஆண்டுக்கு வேண்டிய ரஃப் நோட்டுகள் கிடைக்கும். கோணி ஊசியும் நூலும் பெரியவர் கையில் இருக்கட்டும்.

எட்டாம் படி: பண்டிகையும் பிறந்தநாளும்

அன்றாடம் கற்றதெல்லாம் பண்டிகை நாளில்தான் சோதிக்கப்படுகிறது. 2018 போகியன்று காலையில் புகைமூட்டத்தால் சென்னையில் விமானங்கள் தாமதமாயின. பாயும் துடைப்பமும் எரிந்த இடத்தில் டயரும் பிளாஸ்டிக்கும் எரியத் தொடங்கியதே காரணம். போகிக்கு முந்தைய வாரத்தில் பிள்ளைகளிடம் மூன்று கோணிகளைக் கொடுத்து, பிறருக்குக் கொடுக்கத் தக்கது, பழைய பேப்பர் கடைக்குப் போவது, குப்பைக்குப் போவது என்று வீட்டைப் பிரிக்கச் சொல்லுங்கள். பழையன கழிதல் அதிலேயே நிறைவாக நடந்துவிடுகிறது.

பிள்ளையார் சதுர்த்திக்கு வண்ணம் பூசாத களிமண் பிள்ளையாரை எருக்கம்பூ மாலையோடு வாங்கி, பூசை முடிந்தபின் வாளித் தண்ணீரில் கரைத்துச் செடிகளுக்கு ஊற்றலாம். ஓர் இரவில் உருவம் கரைந்து சேறாவதைப் பிள்ளைகள் மரியாதையோடு பார்ப்பார்கள். தீபாவளிக்கு வெடிக்கும் நேரம் காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும் என்பதை வீட்டுச் சட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள். பிறந்தநாளுக்குத் தெர்மாகோல் அலங்காரத்துக்குப் பதில் மாவிலைத் தோரணமும், காகிதக் கப்புக்குப் பதில் அண்டை வீட்டில் இரவல் வாங்கிய எவர்சில்வர் டம்ளர்களும் போதும்.

ஒன்பதாம் படி: தளரும்போது

பரிசாகக் காசு கொடுக்காதீர்கள். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய உளவியல் ஆய்வாளர்கள் மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில், பரிசு கிடைக்கும் என்று சொல்லி வரையவைக்கப்பட்ட பிள்ளைகள் பின்னர் தாமாக வரைவதில் ஆர்வம் குறைந்து காணப்பட்டார்கள். செய்த வேலையை வீட்டில் நாலு பேர் முன்னால் குறிப்பிட்டுச் சொல்வதே போதுமான பரிசு.

தாத்தா பாட்டியின் முன் பிள்ளை நின்று, "நீங்க தண்ணிய வீணாக்கறீங்க" என்று கண்டிக்கும் நிலை வந்தால், அந்த இடத்திலேயே மென்மையாகத் திருத்துங்கள். பிள்ளைக்கு மாற்றாக ஒரு கேள்வியைக் கற்றுக்கொடுங்கள்: "பாட்டி, உங்க காலத்துல குப்பையெல்லாம் என்ன பண்ணுவீங்க?" கழுநீர்ப் பானை மாட்டுக்குப் போனதும், பாத்திரம் சாம்பலில் துலங்கியதும், மளிகைப் பொட்டலம் சுற்றிவந்த சணலைச் சுருட்டிவைத்ததும் வெளிவரும். பாட்டி அப்போது பிள்ளைக்கு இந்த வேலையில் துணையாகிவிடுவார்.

ஆண்டுத் தேர்வு, காய்ச்சல், ஊர்ப் பயணம் என்று ஏதாவது ஒன்று எல்லாவற்றையும் நிறுத்திவிடும். எருத் தொட்டி வறண்டு, மீட்டர்க் குறிப்பில் மூன்று வாரம் வெற்றிடமாக இருக்கும். அதைச் சுட்டிக்காட்டாதீர்கள். தேர்வு முடிந்த மறுநாள் காலை, எல்லாவற்றையும் அல்லாமல், முதன்முதலில் கொடுத்த அந்த ஒரே வேலையை மட்டும் மறுபடி கையில் கொடுங்கள். எங்கள் வீட்டில் அது பால் பாக்கெட்டை அலசிக் கொடியில் போடுவது.